வீட்டைப் பூசுகிறவனுக்கு வரியா, வாழ்த்தா?

மதிப்புக்குரிய நடுவர் அய்யா அவர்களே! எதிரணியிலே அமர்ந்து என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற அறிஞர் பெருமக்களே! என் அணித் தோழர்களே! பொங்கல் வேலையை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு இந்தக் கல்யாண மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருக்கிற விளாங்குடிப் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே முறுக்கைக் கடித்தபடி தொலைக்காட்சியில் பார்க்கிற அன்பர்களே! 

"வீடும் ஊரும் செம்மையாக இருக்கப் பெரிதும் துணை நிற்பது சலுகையா, சட்டமா?" இதுதான் தலைப்பு. நான் 'சலுகையே' என்று பேச வந்திருக்கிறேன்.

காலையிலே கிளம்பும்போது எங்கள் வீட்டிலே கேட்டார்கள்: "இன்னைக்கு எந்தப் பக்கம் பேசப் போறீங்க?"

"சலுகைப் பக்கம்."

"அப்படியா? சமையக்கட்டு ஒழுகுதுன்னு மூணு வருசமாச் சொல்றேன். அதை அடைச்சுக் குடுங்க. என்ன சலுகை வேணும்னாலும் தர்றேன்!" (சிரிப்பு)

நடுவர் அய்யா, மூன்று வருசமாக அவர்கள் போட்டது சட்டம். நடக்கவில்லை. இன்றைக்குக் காலையிலே சலுகை என்றார்கள். நான் கொத்தனாருக்குப் போன் போட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன். (கைதட்டல்) தீர்ப்பு எங்கள் சமையல்கட்டிலேயே ஆகிவிட்டது. இருந்தாலும் கொடுத்த நேரத்துக்குப் பேச வேண்டும் அல்லவா?

எனக்கு முன்னாலே பேசிய பேராசிரியை அம்மா ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். "போகி வந்தால் நாம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். யார் சலுகை கொடுத்தார்கள்? உன் வீட்டை நீ சுத்தமாக வைத்துக்கொள்ள உனக்கு ஊர் எதற்கு அய்யா காசு கொடுக்க வேண்டும்?" என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நியாயமான கேள்வி.

ஆனால் அம்மா, சுண்ணாம்பு அடிக்கிறது வேறு, வீட்டைச் சீர் செய்கிறது வேறு. சுண்ணாம்பு என்பது மாப்பிள்ளைக்குப் பவுடர் அடிக்கிற மாதிரி. உள்ளே பல்வலி இருந்தால் பவுடர் என்ன செய்யும்? இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முன்னாலே ஓட்டுச் சாய்ப்பு. உள்ளே கட்டைக்குத்து மாடி. அதற்குப் பிறகு வந்த காங்கிரீட் வீடுகள், அவற்றுக்கும் முப்பது நாற்பது வயது ஆகிவிட்டது. மழைத்தண்ணி உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்து, துரு ஊதி, காரை பெயர்ந்து பொத்தென்று விழுகிறது. எங்கே விழுகிறது? தூங்குகிறவன் நெஞ்சிலே விழுகிறது. அதற்குச் சுண்ணாம்பு போதாது. தட்டோடு பெயர்த்துத் திரும்பப் பதிக்க வேண்டும். உத்தரம் மாற்ற வேண்டும். கொல்லையிலே இருக்கிற கழிப்பறையை வீட்டுக்குள்ளே கொண்டுவர வேண்டும். இது ஒரு நாள் போகி வேலை இல்லை. ஒரு குடும்பத்தின் மூன்று வருசச் சேமிப்பு.

அந்தச் சேமிப்பை எடுத்து வீட்டிலே போடுகிறானே, அவனுக்கு ஊர் என்ன சொல்கிறது? இதுதான் கேள்வி.

சொத்து வரி எப்படிப் போடுகிறார்கள்? வீடு எந்தத் தெருவிலே இருக்கிறது, எத்தனை சதுர அடி, கூரை ஓடா காங்கிரீட்டா, குடியிருக்கவா கடை வைக்கவா, இதையெல்லாம் பார்த்து அந்த வீட்டுக்கு ஆண்டு வாடகை மதிப்பு என்று ஒன்று கணக்குப் போடுகிறார்கள். அந்த மதிப்பின் மேலே வரி. ஆண்டுக்கு இரண்டு தவணை. இதிலே தப்பு ஒன்றும் இல்லை. ஊருக்கு விளக்கு வேண்டும், தண்ணி வேண்டும், சாக்கடை வேண்டும். வரி கட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஒரே தெருவிலே இரண்டு வீடு இருக்கிறது என்று வையுங்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே அளவு, ஒரே ஓட்டுச் சாய்ப்பு. முதல் வீட்டுக்காரர் கடன் வாங்கிச் சாய்ப்பைப் பிரித்துக் காங்கிரீட் போடுகிறார். பின்னாலே ஒரு கழிப்பறை, அம்மாவுக்கு ஒரு சின்ன அறை கட்டுகிறார். இரண்டாம் வீட்டுக்காரர் ஒன்றும் செய்யவில்லை. திண்ணையிலே உட்கார்ந்து முதல் வீட்டுக்காரர் கஷ்டப்படுவதை வேடிக்கை பார்க்கிறார். அடுத்த கணக்கெடுப்பிலே யாருக்கு வரி கூடும்? கடன் வாங்கினாரே, அவருக்கு! வேடிக்கை பார்த்தவருக்குப் பழைய வரியேதான். நடுவர் அய்யா, நம் வகுப்பிலே நன்றாகப் படித்த பையனைப் பெஞ்சு மேலே ஏற்றிவிட்டு, தூங்குகிற பையனை "நீ தூங்குடா கண்ணு" என்று தட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? (சிரிப்பு)

இதற்குச் சட்டத்திலே ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மதுரை 1971-ல் மாநகராட்சி ஆனபோது வந்த சட்டத்திலே, ஆண்டு வாடகைக் கணக்கிலே கட்டடத்துக்கு உரிய பங்கில் பத்து சதவீதத்தைக் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். எதற்காக? பழுது பார்க்கிற செலவுக்காக! எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். ஆனால் அந்தப் பத்து சதவீதம் பழுது பார்த்தவனுக்கும் உண்டு, பார்க்காதவனுக்கும் உண்டு. கொத்தனாரைக் கூப்பிட்டவனுக்கும் பத்து, கொசுவை அடித்துக்கொண்டு சும்மா படுத்திருந்தவனுக்கும் பத்து. நோக்கம் நல்லது. ஆனால் சேர வேண்டியவனுக்கு அது தனியாகச் சேரவில்லை.

வருமான வரிக்கு வாருங்கள். 1961 வருமான வரிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. பழைய முறையில் கணக்குக் கொடுக்கிறவர், தான் குடியிருக்கிற வீட்டைப் புதிதாகக் கட்டவோ வாங்கவோ கடன் வாங்கினால், வட்டியிலே இரண்டு லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அதே மனிதர் அப்பா கட்டின வீட்டைப் பழுது பார்க்கக் கடன் வாங்கினால்? முப்பதாயிரம்! புது வீட்டுக்கு இரண்டு லட்சம், பழைய வீட்டுக்கு முப்பதாயிரம். அசலைத் திருப்பிக் கட்டுவதற்கு 80சி என்று ஒரு சலுகை வைத்தார்கள். அது புது வீட்டுக்கு மட்டும்தான். பழுது பார்ப்புக்கு அதுவும் கிடையாது. தமிழ்நாட்டிலே 2024-ல் ஒரு நல்ல வசதி வந்தது. 2,500 சதுர அடி மனையிலே 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர் தானே சான்று கொடுத்து உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் எல்லா வாசலும் புதுமாப்பிள்ளைக்கே திறந்திருக்கிறதே அய்யா! வீட்டிலே இருக்கிற கிழவனாருக்கு ஒரு சன்னலாவது திறக்க வேண்டாமா?

எதிரணித் தலைவர் அய்யா எழுந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "மாநகராட்சியிலே பணம் எங்கே இருக்கிறது? இருக்கிற வரியையும் விட்டுவிட்டால் சாக்கடை யார் அள்ளுவது?" என்றார். உண்மைதான். 2011-ல் இந்த விளாங்குடிப் பேரூராட்சி மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. 72 வார்டு 100 வார்டு ஆனது. ஊர் பெருத்தால் செலவும் பெருக்கும். 2022 ஏப்ரலிலே தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரியைக் கூட்டினார்கள். பதினைந்தாவது நிதிக்குழு "வரியைச் சீர் செய்தால்தான் மானியம்" என்று வைத்த நிபந்தனையையும் அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். சென்னை நீங்கலாக மற்ற மாநகராட்சிகளிலே குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கும் மேலே 100 சதவீதம்.

இதைப் பத்திரிகையிலே படித்தவர் என்ன செய்தார் தெரியுமா? டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை அளந்தார். அறுநூறுக்கும் அறுநூற்றொன்றுக்கும் நடுவிலே ஒரே ஒரு சதுர அடி. அதிலே ஒரு சொம்பு வைக்கலாம். அவ்வளவுதான். அந்த ஒரு சொம்பு இடத்துக்காகக் கழிப்பறை கட்டுவதைத் தள்ளிப் போட்டவர்கள் உண்டு. (சிரிப்பு) சிரிக்கிறோம். ஆனால் அவர் வீட்டுப் பெண்பிள்ளைகள் சிரிப்பார்களா?

நாங்கள் என்ன கேட்கிறோம் என்பதை எதிரணி கவனமாகக் கேட்க வேண்டும். இருக்கிற வரியிலே ஒரு பைசா குறைக்கச் சொல்லவில்லை. வீட்டைச் சீர் செய்ததாலே கூடுகிறது பாருங்கள், அந்தக் கூடுதலை மட்டும் கொஞ்ச காலம் பொறுத்து வாங்குங்கள் என்கிறோம். மாநகராட்சியின் பெட்டியிலே இன்றைக்கு இருக்கிற காசை நாங்கள் தொடவில்லை. வீட்டைச் சீர் செய்யாமல் விட்டிருந்தால் அந்தக் கூடுதல் வரவே போவதில்லையே! வராத காசை எப்படி அய்யா நட்டம் என்று எழுதுவீர்கள்? பெண் பார்க்கவே போகாதவன் வரதட்சணை நட்டம் என்று அழுதானாம்! (கைதட்டல்)

சலுகையாலே வேலை நடக்குமா என்றும் கேட்டார்கள். அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று தமிழ்நாட்டிலே நடைமுறை வந்தது. பிந்தினால் மாதம் ஒரு சதவீதம் அபராதம் என்றும் வைத்தார்கள். எது வேலை செய்தது? வரி வசூல் மையத்திலே ஏப்ரல் மாசக் கடைசியிலே போய் நில்லுங்கள். அந்த அஞ்சு சதவீதத்துக்காக நம் ஆட்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வரிசையிலே நிற்பதைப் பார்க்கலாம். நாற்பது ரூபாய் மிச்சம் பிடிக்க ஐம்பது ரூபாய் ஆட்டோவிலே வந்து நிற்பார்கள். (சிரிப்பு) அதுதான் அய்யா மனுஷ மனசு. அபராதத்துக்குப் பயந்தவன் முனகிக்கொண்டு வருவான். சலுகைக்கு வந்தவன் பக்கத்து வீட்டுக்காரனையும் கூட்டிக்கொண்டு வருவான்.

அம்மா மழைநீர் சேகரிப்பைச் சொன்னார்கள். "2003-ல் அவசரச் சட்டம் போட்டார்கள். செய்யாவிட்டால் தண்ணீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றார்கள். தமிழ்நாடே செய்தது" என்றார்கள். நல்ல சட்டம். வணங்குகிறேன். ஆனால் இன்றைக்கு நம் தெருவிலே நடந்து பாருங்கள். மாடியிலிருந்து குழாய் இறங்கி வருகிறது. வந்து, தரைக்கு ஒரு முழம் மேலே நின்று, பூமித்தாயைப் பார்த்து "நல்லா இருக்கியா?" என்று விசாரித்துவிட்டு, தண்ணியைத் தெருவிலே விடுகிறது. (பலத்த சிரிப்பு) எல்லோரும் இப்படி என்று சொல்லவில்லை. ஒழுங்காக வைத்தவர்கள் ஏராளம். ஆனால் பயத்திலே கட்டினவன் ஒரு முறை கட்டுவான். விருப்பத்திலே கட்டினவன்தான் வருசா வருசம் கூழாங்கல்லை அள்ளிக் கழுவிப் போடுவான்.

புனே மாநகராட்சியைப் பாருங்கள். வீட்டிலே மழைநீர் சேகரிப்பு, சூரிய சக்தி, குப்பையை உரமாக்குவது, இதிலே ஒன்று செய்தால் சொத்து வரியிலே 5 சதவீதம் தள்ளுபடி, இரண்டு செய்தால் 10 சதவீதம் என்று வைத்தார்கள். நம் பக்கத்திலே இருக்கிற புதுச்சேரிக்கு வாருங்கள். அங்கே கொடுத்தது வரிச் சலுகை இல்லை, மானியம். ஆனாலும் பாடம் ஒன்றுதான். வைசியாள் வீதி என்று தமிழர்கள் வாழ்கிற பழைய தெரு. 2002-லிருந்து 2004 வரை ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு, இன்டாக் அமைப்பும் நகராட்சியும் சேர்ந்து அந்தத் தெரு வீடுகளின் திண்ணையையும் தாழ்வாரத்தையும் தூணையும் சீர் செய்தார்கள். வீட்டுக்காரரும் ஒரு பங்கு போட்டார். 2008-ல் அந்தத் தெருவுக்கு யுனெஸ்கோ விருது வந்தது. திண்ணைக்கு விருது அய்யா! நாம் இடித்துவிட்டு ஷட்டர் போடுகிறோமே, அதே திண்ணைக்கு!

அமெரிக்காவிலே சிகாகோ நகரம் இருக்கிற இல்லினாய் மாநிலத்திலே, தான் குடியிருக்கிற வீட்டைச் சீர் செய்து அதன் மதிப்பு கூடினால், கூடின மதிப்பிலே 75,000 டாலர் வரைக்கும் குறைந்தது நான்கு ஆண்டு சொத்து வரிக் கணக்கிலே சேர்ப்பதில்லை. நாங்கள் கேட்பதும் ஏறக்குறைய இதுதான்.

சலுகையிலே தப்பே நடக்காதா? நடக்கும். நான் மறைக்க மாட்டேன். இத்தாலி நாட்டிலே 2020-ல் ஒரு சலுகை கொடுத்தார்கள். வீட்டைச் சீர் செய்தால் செலவிலே 110 சதவீதத்தை வரியிலே கழித்துக்கொள் என்றார்கள். நூறு ரூபாய் செலவழித்தால் நூற்றிப் பத்து திரும்பி வரும்! நம் ஊரிலே கொடுத்திருந்தால் என் மாமனார் வீட்டையும் சேர்த்துச் சீர் செய்திருப்பேன். (சிரிப்பு) கடைசியிலே பத்தாயிரம் கோடி யூரோவுக்கு மேலே செலவு ஆனது. மோசடி வழக்குகள் வரிசை கட்டின. இங்கே மதுரையிலேயே 2025-ல் சொத்து வரியைக் குறைத்துப் போட்டதாக ஒரு முறைகேடு வழக்கு வந்து, மண்டலத் தலைவர்கள் பதவி விலகுகிற அளவுக்குப் போனது. எதிரணி இதைக் கையிலே வைத்திருக்கிறது, தெரியும். ஆனால் அய்யா, அது அறிவித்துக் கொடுத்த சலுகையில் வந்த புகார் இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளே ரகசியமாகக் குறைத்தார்கள் என்பதுதான் புகார். நாங்கள் கேட்கிற சலுகை ரசீதிலேயே அச்சடித்து வர வேண்டிய சலுகை. தெருவுக்கே தெரிகிற விஷயத்திலே திருட்டுக்கு இடம் குறைவு.

ஆகவே எங்கள் கோரிக்கைக்கு நாங்களே வேலி போடுகிறோம். ஒன்று, சொந்தக்காரர் தானே குடியிருக்கிற வீட்டுக்கு மட்டும். இரண்டு, 1,200 சதுர அடிக்குள். மாளிகைக்கு வேண்டாம். மூன்று, கூடுகிற வரி மட்டும் ஐந்து வருசத்துக்குத் தள்ளிவைப்பு. ஆறாவது வருசம் முழு வரி. நான்கு, கூரை, கழிப்பறை, மழைநீர், முதியோருக்குச் சறுக்காத தரை, இந்த மாதிரி வேலைக்கு மட்டும். பளிங்குத் தரைக்கும் மீன் தொட்டிக்கும் கிடையாது. இதிலே யார் பணக்காரர், எங்கே ஏமாற்று? பழைய வீட்டைப் பழுது பார்க்க உதவ வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2000-2001-க்கு முன்னாலே கிராமங்களிலே அரசுத் திட்டங்களில் கட்டிய வீடுகளில் இரண்டரை லட்சம் வீடுகளைப் பழுது பார்க்க 2024-ல் தமிழ்நாடு அரசு திட்டம் அறிவித்தது. கிராமத்துக்கு வந்தது, கிராமமும் நகரமும் கை கோத்து நிற்கிற விளாங்குடிக்கு வரக் கூடாதா?

மணி அடித்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு விஷயம் இருக்கிறது நடுவர் அய்யா. அதை முழுசாகச் சொல்ல விடுங்கள்.

இங்கிருந்து ரெண்டு தெரு தள்ளி எங்கள் அத்தை வீடு. அப்பாவோட அக்கா. எழுபத்தெட்டு வயது. மாமா மில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகத் தானே சாந்து குழைத்துக் கட்டின வீடு அது. முன்னாலே ஓட்டுச் சாய்ப்பு, பின்னாலே ஒரு காங்கிரீட் அறை, கொல்லைக் கடைசியிலே கழிப்பறை. மாமா போய்ப் பதினைந்து வருசம் ஆகிவிட்டது.

நான் டாக்டர் பட்டம் வாங்கினபோது ஊரிலே அதிகமாகச் சந்தோஷப்பட்டது அத்தைதான். தெருவிலே எல்லோரிடமும், "எங்க மருமகன் டாக்டரு. ஆனா ஊசி போட மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். (சிரிப்பு) நான் என்ன சொன்னாலும் அத்தைக்கு வேதம். படித்தவன் சொல்கிறான் அல்லவா!

நாலு வருசத்துக்கு முன்னாலே ஒரு மாட்டுப் பொங்கல். அத்தை வீட்டிலே சாப்பிட்டுவிட்டு, பேப்பரைப் புரட்டிக்கொண்டு இருக்கிறேன். அத்தை கேட்டது: "ஏ மருமகனே, ராத்திரியிலே கொல்லைக்குப் போக முடியலப்பா. முட்டி வலிக்குது. உள்ள ஒரு கக்கூசு கட்டலாம்னு பாக்குறேன். போஸ்டாபீசுல எம்பதாயிரம் கெடக்கு. கட்டுனா வரியைக் கூட்டிருவாகளா?"

நான் பேப்பரை விட்டுத் தலையைக் கூட நிமிர்த்தவில்லை. "ஆமா அத்தை, கட்டினா வரி கூடத்தான் செய்யும்" என்றேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அத்தை "ம்..." என்றது. வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

ரெண்டு வருசம் போனது. ஐப்பசி அடைமழை. ராத்திரி ரெண்டு மணிக்குக் கொல்லைக்குப் போன அத்தை பாசியிலே வழுக்கி விழுந்தது. இடுப்பெலும்பு முறிந்து, மழையிலே எவ்வளவு நேரம் கிடந்தது என்று தெரியாது. விடிந்து பால்காரர் வந்துதான் பார்த்தார். ஆஸ்பத்திரியிலே கட்டிலுக்குப் பக்கத்திலே நின்று நான் சத்தம் போட்டேன். "ஏன் அத்தை, கையிலே காசு வச்சுக்கிட்டு உள்ளே கட்ட வேண்டியதுதானே?"

அத்தை என்ன சொன்னது தெரியுமா அய்யா? "நீதானப்பா சொன்னே, வரி கூடும்னு. எனக்கு வர்றது ஒரு பிடி பென்சன். செலவுன்னா ஒரு தடவையோட போயிரும். வரின்னா நான் சாகுற வரைக்கும்ல கட்டணும்?"

அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவிலே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முப்பத்தைந்து சதுர அடிக் கழிப்பறை. அத்தை தெருவிலே அதற்குக் கூடியிருக்கக்கூடிய வரி அரையாண்டுக்கு நூறு ரூபாயைத் தொடாது. அத்தையின் இடுப்புக்கு நாங்கள் கட்டினது ஒரு லட்சத்து எண்பதாயிரம். வெள்ளை அடித்தால் வரி கூடாது, காரை பூசினால் கூடாது, தரை மாற்றினால் கூடாது. அதைக்கூட நான் அத்தைக்குச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டைத் தொட்டால் வரி என்கிற ஒரே ஒரு சொல்.

யாரும் வந்து அத்தையை மிரட்டவில்லை. எந்த அதிகாரியும் வாசலை மிதிக்கவில்லை. ஆனால் "பயப்படாதே, கட்டு" என்று சொல்லவும் யாரும் இல்லை. சொல்ல வேண்டிய இடத்திலே இருந்த படித்த மருமகன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். (அமைதி)

அதனாலேதான் சொல்கிறேன், சலுகை என்பது வெறும் ரூபாய்க் கணக்கு இல்லை. ஊர் தன் மக்களிடம் சொல்கிற ஒரு வார்த்தை. வரி ரசீதின் அடியிலே ஒரு வரி அச்சடித்திருந்தால் போதும். "உங்கள் வீட்டைச் சீர் செய்யுங்கள், ஐந்து ஆண்டுக்கு வரி கூடாது." அந்த ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படித்திருந்தால் எங்கள் அத்தை அன்றைக்கு மழையிலே கிடந்திருக்காது. சட்டம் "செய்யாவிட்டால் பார்" என்று சொல்லும். அதற்கும் ஒரு இடம் உண்டு. இடிந்து விழப் போகிற வீட்டை இறக்கச் சட்டம்தான் வேண்டும். ஆனால் வீடு அந்த நிலைக்கு வராமல் பத்து வருசம் முன்னாலேயே கொத்தனாரைக் கூப்பிட வைப்பது எது? "நீ செய், நான் உன் பக்கம் நிற்கிறேன்" என்கிற சொல்தான்.

பேரிலேயே விளாவை வைத்திருக்கிற ஊர் இது. தமிழிலே ஒரு பழமொழி உண்டு: வேழம் உண்ட விளாங்கனி. வெளியே பார்த்தால் ஓடு முழுசாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. வரி கட்டுகிற வீடு, கதவு எண் இருக்கிற வீடு, கணக்கிலே இருக்கிற வீடு, வெளியே முழுசாகத்தான் நிற்கிறது. உள்ளே கூரை ஒழுகி, காரை விழுந்து, ஒரு கிழவி கட்டிலை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஓட்டை மட்டும் எண்ணி வரி போடாதீர்கள் அய்யா. உள்ளே சதை இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது அத்தை வீட்டுக்குள்ளே கழிப்பறை கட்டியாகிவிட்டது. சறுக்காத தரை, சுவரிலே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. வரி கூடியிருக்கிறது, கட்டுகிறோம். இந்நேரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு டி.வி. முன்னாலே உட்கார்ந்திருக்கும். "ஊசி போடாத டாக்டரு பேசுறாரு பாருங்க" என்று பக்கத்து வீட்டிலே சொல்லிக்கொண்டிருக்கும்.

அத்தை, அன்னைக்கு நான் சொல்லாம விட்டதை இன்னைக்கு ஊரறியச் சொல்லிட்டேன். இனிமே இந்தத் தெருவிலே இன்னொரு அத்தை வரிக்குப் பயந்து மழையிலே போய் விழக்கூடாது.

ஆகவே நடுவர் அய்யா அவர்களே, வீட்டைப் பூசுகிறவனைப் பார்த்து விரலை நீட்டாமல், ஒரு கை கொடுக்கச் சொல்லி, வீடும் ஊரும் செம்மையாக இருக்கப் பெரிதும் துணை நிற்பது சலுகையே, சலுகையே என்று தீர்ப்புச் சொல்லுமாறு கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)